முதுகில் எண் போட்ட வட்டச் சீட்டுகள்

1989 ஜனவரி 11, புதன்

பாணுக்கு ஒன்றரை மணித்தியாலம் நின்றேன். என் முறை வந்தபோது பாண் முடிந்துவிட்டது. வெறுங்கையோடு வந்ததைப் பார்த்துத் தங்கமுத்து கோதுமை மாவை எடுத்து ரொட்டிக்குக் குழைக்கத் தொடங்கினாள். இருபத்தைந்து வருடக் குடித்தனத்தில் நான் கண்டது, அவளுக்கு வரும் கோபத்துக்கு மாவுதான் அடி வாங்குகிறது.

துறைமுகத்தில் வேலை இல்லை. கப்பல் வந்தால்தானே பண்டகசாலை எழுதுவினைஞனுக்கு வேலை. சும்மா இருக்க ஏலாமல் கயிற்றுச் சுருள்களுக்கும் பீப்பாய்களுக்கும் பழைய எண்களை மறுபடி எழுதினேன். வந்த வருடம், ஒரு சாய்கோடு, வரிசை எண். 63/104 என்றால் அறுபத்து மூன்றில் வந்த நூற்றி நாலாவது பொருள். விளக்குமாற்றுக்கும் உண்டு.

முழங்கால் நோகிறது. ஐம்பத்தொரு வயதுக்கு இது அதிகம்.

ஜனவரி 15, ஞாயிறு

நேற்றுப் பொங்கல். பொங்கினோம், அவ்வளவுதான்.

இன்று மத்தியானம் பெட்டியை எடுத்துத் தூசு தட்டினேன். வட்டச் சீட்டுகள் தொண்ணூற்றாறும் சரியாக இருக்கின்றன. எழுபத்தொன்றில் விசாகப்பட்டினத்திலிருந்து வந்த கப்பலின் சமையற்காரன் ஒரு சாரத்துக்கும் ஒரு சோடிச் செருப்புக்கும் மாற்றித் தந்தவை. துணியை அடுக்கடுக்காக ஒட்டி, வட்டமாக வெட்டி, கையால் சித்திரம் எழுதி, முதுகுக்குச் சிவப்பு மெருகு பூசியிருக்கிறார்கள். எட்டு வகை: சூரியன், சந்திரன், முடி, வாள், அடிமை, யாழ், பத்திரம், பொதி. ஒவ்வொரு வகையிலும் ஒன்று முதல் பத்து வரை, மேலே மந்திரி, அதற்கும் மேலே ராசா. சரக்குப் பொதிக்கும் பத்திரத்துக்கும் சீட்டில் இடம் கொடுத்தவன் கட்டாயம் எங்கள் தொழில்காரனாகத்தான் இருந்திருப்பான்.

வாங்கிய கிழமையே ஒவ்வொன்றின் முதுகிலும் கறுப்பு மையால் எண் எழுதினேன். 71/1 முதல் 71/96 வரை. பிறகு உதிரியாகச் சில கிடைத்தன, அவற்றுக்கும் எழுதினேன்.

பெட்டியோடு இருந்ததைப் பார்த்துத் தங்கமுத்து சொன்னாள்: “என்ர முதுகிலயும் ஒண்டு போடுங்கோவன். அறுபத்து நாலில வந்த முதலாவது சாமான்.”

சிரித்தேன். நல்ல கதைதான்.

பெப்ரவரி 9, வியாழன்

ஜவாஹிர் வந்துபோனான். சந்தைக்குப் பக்கத்தில் தையல்கடை வைத்திருப்பவன். பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தோம். இன்றைக்கும் எனக்கு வேறு சிநேகிதன் என்று ஒருவன் கிடையாது. தைத்த உடுப்புகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வியாழக்கிழமைகளில் நிலாவெளிக்குப் போய்க் கொடுத்துவிட்டு வருவான். ஊரெல்லாம் பூட்டிக் கிடந்தாலும் சனம் உடுப்புத் தைக்கத்தானே வேண்டும்.

“மச்சான், உனக்கு ஒரு கதை கொண்டந்திருக்கன்” என்றான். நிலாவெளியில் சின்னப்போடி என்றொருவர், முன்பு ஹோட்டலில் வேலை செய்தவர். ஹோட்டல் மூடியபிறகு கரைவலைக்குப் போகிறார். அவர் வீட்டில் ஏழு வட்டச் சீட்டுகள் இருக்கின்றனவாம். எப்போதோ வந்த வெள்ளைக்காரி ஒருத்தி அறையில் விட்டுப்போனவையாம்.

“பொதி இரிக்கா, வாள் இரிக்கா எண்டு கேக்காத. வட்டம். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.”

ஏழு! எத்தனை வருடத்துக்குப் பிறகு இப்படி நெஞ்சு அடிக்கிறது.

மார்ச் 14, செவ்வாய்

சுற்றிவளைப்பு. காலையிலிருந்து இரண்டு மணி வரை மைதானத்து வெயிலில். அடையாள அட்டையைக் காட்டிக் காட்டி அதன் மூலையே போய்விட்டது. இந்தியப் பட்டாளத்துப் பையன்களுக்கும் வெயில் சுடத்தான் செய்கிறது. ஒருவன் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டு எங்களைக் காவல் காத்தான்.

மார்ச் 29, புதன்

நிலாவெளிச் சீட்டுகளை நான்தான் போய்ப் பார்க்க வேண்டும். நிறமும் விட்டமும் என்னுடையவற்றோடு ஒத்துப்போனால் ஒரே கையால் செய்தவையாக இருக்கலாம். ஆனால் வழியில் ஐந்து சென்றி, பட்டாளத்துக் காவலரண்கள். ஒவ்வொன்றிலும் இறங்கி, நடந்து, கையைத் தூக்கி... நினைக்கவே களைப்பாக இருந்தது.

ஜவாஹிரிடம் சொன்னேன். “நீ ஏன் மினக்கெடுற? நான் நாளைக்கு எப்படியும் போறன்தானே” என்றான்.

ஒப்பிட்டுப் பார்க்க நாலு சீட்டுகளைக் கைலேஞ்சியில் சுற்றிக் கொடுத்தேன். சந்திர ராசா, பொதி எட்டு, யாழ் மூன்று, வாள் ஐந்து. கொடுக்கும்போது “கவனம், வளைச்சுப் போடாத” என்றேன். சீட்டுக்குத்தான் கவனம் சொன்னேன். அவனுக்குச் சொல்லவில்லை.

மார்ச் 30, வியாழன்

ஐந்து மணியாகியும் ஜவாஹிர் வரவில்லை. அவன் மனைவி அசனா வந்து கேட்டுவிட்டுப் போனாள். டயர் காற்றுப் போயிருக்கும் என்று சொன்னேன்.

மார்ச் 31, வெள்ளி

பிடித்துவிட்டார்கள்.

மூன்றாவது சென்றியில். உடுப்புப் பொதியை அவிழ்த்திருக்கிறார்கள். கைலேஞ்சி வந்திருக்கிறது. சைக்கிள் இன்னும் அந்த வேலியில் சாய்ந்து நிற்பதாகப் பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள்.

நான் எழுதிய எண்கள்தான். வேறென்ன? ஒரு முஸ்லிம் தையற்காரன், பொதிக்குள் நாலு வட்டத் தகடு, முன்னுக்கு வாளும் குதிரையும், பின்னுக்கு 71/41. அது என்ன எண்டு கேட்டா அவன் என்னத்தைச் சொல்லுவான்? கடதாசி, சீட்டு விளையாட்டு எண்டு சொல்லியிருப்பான். ஆர் நம்புவினம்? கடதாசி எண்டா சதுரமாயெல்லே இருக்கும்.

ஏலாது. நாளைக்கு எழுதுகிறேன்.

ஏப்ரல் 2, ஞாயிறு

பெட்டியைத் தூக்கிக்கொண்டு முகாமுக்குப் போனேன். தங்கமுத்து தடுக்கவில்லை. வெள்ளைச் சேர்ட்டை மினுக்கித் தந்தாள்.

நாலு மணித்தியாலம் வாங்கில். பிறகு ஒரு கப்டன். மொழிபெயர்க்கத் திருநெல்வேலிப் பக்கத்துச் சிப்பாய் ஒருவன். நான் மேசையில் தொண்ணூற்றிரண்டையும் பரப்பினேன். இது இந்தியாவிலிருந்து வந்த பழைய விளையாட்டு, எண்கள் நான் பண்டகசாலை வழக்கப்படி எழுதியவை, குற்றம் என்னுடையது, அந்த மனிதன் எனக்காகக் கொண்டுபோனான் - எல்லாம் சொன்னேன். கப்டன் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி.

“விளையாட்டுன்னா விளையாடிக் காட்டச் சொல்றாரு, சார்” என்றான் மொழிபெயர்ப்புக்காரன்.

எனக்குத் தெரியாது.

பதினெட்டு வருடமாக வைத்திருக்கிறேன். விட்டம் இரண்டேகால் அங்குலம் என்று தெரியும். எந்தச் சீட்டில் எந்த இடத்தில் மெருகு உரிந்திருக்கிறது என்று தெரியும். விளையாடத் தெரியாது. அந்தச் சமையற்காரனிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று ஒருநாளும் தோன்றவில்லை. ஊரெல்லாம் சீட்டுக்கட்டில் ஆடும் 304கூட நான் விளையாடுவதில்லை.

“தெரியாது” என்றேன். “விட்டம் வேணுமெண்டால் சொல்லுவன்.”

கப்டனின் முகம் மாறியது. நான் வந்ததால் ஜவாஹிர் மேல் சந்தேகம் கூடியதே ஒழியக் குறையவில்லை. தெரிந்தவர்களோடு வா, விளையாடிக் காட்டு, அதுவரை அவன் இங்கேதான் என்றார். ஒரு சீட்டை மட்டும், சந்திரன் ஒன்றை, என்னிடம் திருப்பித் தந்தார். ஆட்களிடம் காட்டிக் கேட்கவாம்.

ஜவாஹிரைப் பார்க்க விடவில்லை.

ஏப்ரல் 4, செவ்வாய்

நூலகத்தில் கேட்டேன். சங்கக் கடையில் 304 விளையாடுகிறவர்களைக் கேட்டேன். ஓய்வுபெற்ற தபாலதிபரைக் கேட்டேன். “இது கரம் விளையாடுற காயோ?” என்கிறார்கள்.

ஏப்ரல் 8, சனி

நோன்பு தொடங்கிவிட்டது. அசனாவின் வீட்டுக்குப் போனேன். மகள் ஸல்ஹா கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அசனா என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அண்ணன், அவருக்கு விடியமுன்னம் ஸஹருக்கு என்ன குடுப்பாங்க?” என்று மட்டும் கேட்டாள்.

எனக்கு என்ன தெரியும்? நோன்பு பிடிக்க எழும்பினால் ஏன் எழும்பினாய் எண்டு கேப்பாங்களோ என்னவோ. கொடுப்பார்கள் என்று சொன்னேன்.

ஏப்ரல் 11, செவ்வாய்

இனி ஒரு வழிதான். சீட்டு இந்தியாவிலிருந்து வந்தது. ஊர் முழுக்க இந்தியர்கள் துவக்கோடு நிற்கிறார்கள். ஒருவனுக்காவது தெரியாமலா போகும்?

பயந்து ஒளித்த சென்றிகளுக்கு இப்போது நானாகப் போகிறேன். அடையாள அட்டையைக் காட்டுகிறேன், பிறகு சந்திரனைக் காட்டுகிறேன். இன்று கடற்கரைச் சென்றி, மீன் சந்தைச் சென்றி, ஆஸ்பத்திரிச் சென்றி. தலைப்பாகைக்காரன் வாங்கிப் பார்த்து, மணந்து, திருப்பித் தந்தான். இன்னொருவன் கையை ஆட்டிப் போகச் சொன்னான். மூன்றாமவன் நாணயம் சுண்டுவது போலச் சுண்டிப் பிடித்தான். என் உயிர் போய் வந்தது.

கால் வீங்கியிருக்கிறது. தங்கமுத்து வெந்நீர் வைத்தாள்.

ஏப்ரல் 14, வெள்ளி

புதுவருடம். கைவிசேஷம் கொடுக்கவும் இல்லை, வாங்கவும் இல்லை. ஆறு சென்றி. ஒன்றுமில்லை.

சனம் என்னைப் பார்க்கிறது. தம்பிராசர் ஒவ்வொரு சென்றியிலும் நின்று என்ன கதைக்கிறார்? எனக்கே இப்படி ஒருவனைப் பார்த்தால் சந்தேகம்தான் வரும்.

ஏப்ரல் 17, திங்கள்

கிடைத்துவிட்டான்!

முகாம் வாசலில் அந்தத் திருநெல்வேலிச் சிப்பாய்தான் கூப்பிட்டான். “சார், நீங்க சும்மா அலையாதீங்க. தண்ணி லாரி ஓட்டுற ஜெனான்னு ஒரு ஒரியாக்காரன் இருக்கான். அவங்க ஊர்ல ஏதோ வட்டச் சீட்டு ஆடுவாங்கன்னு சொன்ன ஞாபகம்.”

தண்ணீர்ப் பவுசர் வரும்வரை பொதுக்கிணற்றடியில் நின்றேன். ஜெனா குள்ளமான ஆள், நாற்பது வயதிருக்கும், முன்பல் ஒன்று இல்லை. சந்திரனைக் கையில் கொடுத்ததும் பார்க்கவில்லை. முதலில் மூக்கில் வைத்து மணந்தான். “இம்லி” என்றான். புளியங்கொட்டைப் பசை. பதினெட்டு வருடமாக அந்த மணம் என் அலுமாரிக்குள் இருக்கிறது, என்ன மணம் என்று எனக்குத் தெரியாமல்.

பிறகு பார்த்தான். தண்ணீர் நிரம்பி வழிந்தது கூடத் தெரியாமல் பார்த்தான். அவனுடைய மாமனார் வீட்டில் மத்தியானச் சாப்பாடு முடிந்தால் இதுதானாம். அவனுடைய ஓட்டைத் தமிழும் என்னுடைய ஓட்டை ஆங்கிலமுமாக ஒருவழியாகக் கதையைச் சொல்லி முடித்தேன்.

சீட்டைத் திருப்பினான். 71/13.

“கோன் கியா?” என்று கேட்டான். யார் செய்தது? முகத்தில் அத்தனை வேதனை. என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். தலையில் கை வைத்துக்கொண்டான்.

ஏப்ரல் 21, வெள்ளி

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

பத்து மணிக்கு முகாம் விறாந்தையில் ஒரு சாக்கை விரித்தார்கள். விளையாட்டுக்கு மூன்று பேர் வேண்டும். ஜெனா, நான். மூன்றாவது ஆளாக அவனையே கொண்டு வாருங்கள் என்று ஜெனா கேட்டிருக்கிறான். கொண்டுவந்தார்கள்.

ஜவாஹிர் பாதியாகிப் போயிருந்தான். தாடி. என்னைப் பார்த்தான், சாக்கைப் பார்த்தான், அதில் குந்தினான். நோன்பு என்று உதட்டைப் பார்த்தாலே தெரிந்தது.

ஜெனா சீட்டுகளைக் கவிழ்த்துப் பரப்பி உள்ளங்கையால் சுழற்றிக் கலந்தான். வட்டச் சீட்டை அப்படித்தான் கலக்க வேண்டுமாம். ஆளுக்கு முப்பத்திரண்டு. பகலென்றால் சூரிய ராசா வைத்திருப்பவன் முதலில் இறக்க வேண்டும், பொழுது பட்டால் சந்திர ராசா. அரைவாசி வகைகளில் பத்து பெரிது. மற்ற அரைவாசியில் ஒன்று பெரிது. நான் பதினெட்டு வருடமாக எல்லாவற்றையும் ஒன்றிலிருந்து பத்து வரை ஒரே மாதிரி அடுக்கி வைத்திருக்கிறேன்!

மூன்று சுற்றுப் போயிருக்கும். ஜெனா திடீரென்று நிறுத்தினான். தன் கையிலிருந்த ஒரு சீட்டின் முதுகை எனக்குக் காட்டினான். 71/88.

“பொதி, நாலு” என்றேன்.

இன்னொன்று. “முடி, மந்திரி.” இன்னொன்று. “அடிமை, ஏழு.” யோசிக்க எனக்கு என்ன இருக்கிறது? ஜவாஹிரின் கையிலிருந்த அத்தனையையும் முதுகைப் பார்த்தே சொல்லியிருப்பேன்.

ஜெனா கப்டனிடம் ஏதோ நீளமாகச் சொன்னான். கப்டன் வாய்விட்டுச் சிரித்தார். அந்த மனிதர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். திருநெல்வேலிக்காரன் எனக்குச் சொன்னான்:

“ஒளிச்சு சேதி அனுப்புறவன் நம்பரை இப்படி எல்லாருக்கும் தெரியுற மாதிரி எழுத மாட்டானாம். சூதாடி சத்தியமா எழுத மாட்டானாம். சீட்டு முதுகுல நம்பர் போடுறவன் ஆபீஸ் கிளார்க்காத்தான் இருப்பான்னு சொல்றான் சார்.”

வாள் ஐந்தைப் பற்றியும் ஜெனா சொல்லியிருக்கிறான். எட்டு வகையிலும் அது ஒன்றுக்கும் உதவாத சீட்டாம். கையில் வந்தால் சலித்துக்கொள்வார்களாம். அதற்காகவா ஒரு தையற்காரனை இருபத்து மூன்று நாள் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டானாம். கேட்டானோ, இவன் கூட்டிச் சொன்னானோ.

இரண்டு மணிக்கு விட்டார்கள். வாள் ஐந்தை மட்டும் கொடுக்கவில்லை. ஆட்டத்துக்கு எடுத்துத் தந்துவிட்டு மறுபடி வாங்கிக்கொண்டார்கள். அது கோப்பில் இருக்க வேண்டுமாம்.

வாசலைத் தாண்டியதும் “மச்சான்” என்று அவன் தோளைத் தொட்டேன். ஜவாஹிர் தோளை விலக்கிக்கொண்டான்.

“நீங்க போங்க, தம்பிராசா. நான் நடந்து போறன்.”

நாற்பது வருடத்தில் அவன் என்னை நீங்க என்று சொன்னதில்லை.

ஏப்ரல் 30, ஞாயிறு

தையல்கடை திறந்திருக்கிறது. நான் எதிர்ப்பக்கத்தால் நடந்து வந்தேன்.

மே 7, ஞாயிறு

பெருநாள். ஒவ்வொரு பெருநாளைக்கும் அசனா வட்டிலப்பம் அனுப்புவாள், நீலக் கோப்பையில். இந்த முறை வரவில்லை. நான் வாசலுக்கும் குசினிக்கும் நடந்துகொண்டிருந்ததைப் பார்த்துத் தங்கமுத்து சொன்னாள்: “அவையள் இந்த முறை செய்யேல்லையாம்.”

பொய். எனக்காகச் சொன்ன பொய் என்பதால் கேட்டுக்கொண்டேன்.

மே 12, வெள்ளி

நிலாவெளியின் ஏழு சீட்டும் இனி வேண்டாம். உதிரிச் சீட்டுகளைத் தங்கமுத்துவிடம் கொடுத்து எங்கேயாவது வைக்கச் சொன்னேன். எங்கே வைத்தாள் என்று கேட்கப் போவதில்லை.

மே 15, திங்கள்

எண்களை அழிக்கத் தொடங்கினேன். ஜெனா சொன்ன முறை: பஞ்சில் தேங்காயெண்ணெய், மெதுவாக வட்டமாக. அவசரப்பட்டால் மெருகும் சேர்ந்து வந்துவிடும். பதினெட்டு வருடத்து மை. ஒன்றுக்கு முக்கால் மணித்தியாலம்.

இதை அழித்தால் அவன் வருவான் என்றா நினைக்கிறேன்? இல்லை. ஆனால் அந்த எண்களை இனிப் பார்க்க ஏலாது.

இன்று மூன்று.

மே 16, செவ்வாய்

மூன்று.

மே 17, புதன்

இரண்டு. விரல் ஏலவில்லை.

மே 26, வெள்ளி

ஹர்த்தால். எட்டு!

ஜூன் 20, செவ்வாய்

தங்கமுத்துவும் இப்போது பக்கத்தில் இருந்து தேய்க்கிறாள். நான் தேய்ப்பது சரியில்லையாம். அவள் சட்டி பானை விளக்குகிறவள், தெரியத்தான் செய்யும். ஒரு மணித்தியாலம் சேர்ந்து தேய்த்தோம். எனக்கு அது பிடித்திருந்தது.

ஜூலை 9, ஞாயிறு

தொண்ணூற்றைந்தும் முடிந்தது. கவிழ்த்துப் பரப்பினேன். எல்லாம் ஒரே சிவப்பு. எது எது என்று எனக்குத் தெரியவில்லை. முதன்முதலாகத் தெரியவில்லை.

ஓகஸ்ட் 17, வியாழன்

ஜெனா எப்போதாவது பவுசரை நிறுத்திவிட்டுக் கால் மணித்தியாலம் வந்திருப்பான். எனக்கும் தங்கமுத்துவுக்கும் விளையாட்டைச் சொல்லித் தருவான். தங்கமுத்து என்னைவிடக் கெட்டிக்காரி. போன சீட்டெல்லாம் நினைவில் வைத்திருக்கிறாள்.

இன்று முன்வீட்டுக் கனகமணியக்கா கேட்டா: “பட்டாளத்துக்காரன் ஏன் அடிக்கடி உங்கட வீட்டை வாறான்?” தண்ணீருக்கு என்றேன். இன்றைக்கு இந்தப் பட்டாளம், நாளைக்கு எந்தப் பட்டாளமோ. அப்போது யார் எங்கள் பெயரைச் சொல்லுவார்களோ. ஜெனாவிடம் இனி வராதே என்று சொல்ல வேண்டியிருந்தது. அவனுக்கு விளங்கியது. அதுதான் இன்னும் வேதனை.

நவம்பர் 2, வியாழன்

சந்தையில் ஜவாஹிர் நேரே எதிர்ப்பட்டான். “சுகமா இரிக்கீங்களா?” என்று கேட்டான். ஓம் என்றேன். அவன் மீன் வாங்கப் போனான், நான் மரக்கறி வாங்கப் போனேன்.

மூவாயிரம் பேர் சூடுபட்டுச் செத்த ஊரிலே, இரண்டு கிழவர்கள் கதைக்காமல் இருப்பதா பெரிய துக்கம்? பெரிய துக்கம்தான். எனக்கு அவன்தான் இருந்தான்.

1990 ஜனவரி 21, ஞாயிறு

மழை விடவில்லை. பண்டகசாலையில் கயிற்றுச் சுருள்களில் எண் உரிந்துவிட்டது. மறுபடி எழுத மனம் வரவில்லை.

மார்ச் 15, வியாழன்

இந்தியப் பட்டாளம் போகிறது. துறைமுகத்தில் லொறிகளும் மூட்டைகளுமாக ஒரே கூட்டம். இத்தனை வருடத்துக்குப் பிறகு எனக்கு வேலை வந்திருக்கிறது, போகிற பொருட்களுக்குச் சீட்டு எழுத.

இறங்குதுறையில் ஜெனா என்னைத் தேடி வந்தான். சீட்டுப் பெட்டியைக் கூடவே வைத்திருந்தேன். அவனுக்குக் கொடுக்கத்தான் கொண்டுபோனேன். திறந்து, கவிழ்த்து, முதுகுகளைப் பார்த்தான். சிரித்தான். முன்பல் இல்லாத சிரிப்பு. எடுக்க மாட்டேன் என்றான். விளையாடாமல் வைத்தால் பூச்சி அரிக்கும், குறைகிற ஒன்றை வெட்டிச் சேர்த்து விளையாடு என்று சைகையால் சொன்னான்.

பிறகு, காற்சட்டை தைக்கக் கொடுத்திருக்கிறேன், ஜவாஹிரிடம் போகிறேன் என்றான். ஏதாவது சொல்லட்டுமா என்று கேட்டான்.

ஒன்றும் சொல்லாதே என்றேன்.

மார்ச் 24, சனி

கடைசிக் கப்பலும் போய்விட்டது. ஊர் அமைதியாக இருக்கிறது. நல்ல அமைதி இல்லை. ஒவ்வொருவரும் அடுத்தவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். தங்கமுத்து இரண்டு பையில் உடுப்பு அடுக்கி வைத்திருக்கிறாள், சும்மா இருக்கட்டும் என்று.

மார்ச் 25, ஞாயிறு

மத்தியானச் சாப்பாடு முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தேன். வாசலில் சைக்கிள் மணி. அந்த மணியை எனக்கு நாற்பது மணிக்குள்ளும் தெரியும்.

ஜவாஹிர் உள்ளே வந்து, யாரும் சொல்லாமலே கதிரையில் இருந்தான்.

“அந்தப் பவுசர்காரன் வந்தான்” என்றான். “காற்சட்ட சரியா இரிக்கி எண்டு சொல்லிட்டு அரை மணித்தியாலம் உன்ட கதைதான். நகம் தேஞ்சுபோற மட்டும் தேச்சியாமே?”

நான் கையைப் பின்னால் மறைத்தேன். மடத்தனமாக.

சேர்ட் பையிலிருந்து ஒன்றை எடுத்து மேசையில் வைத்தான். கொலருக்குள் வைக்கும் முரட்டுத் துணியை நாலு அடுக்காக ஒட்டி, சரியாக இரண்டேகால் அங்குலத்துக்கு வட்டமாக வெட்டியிருந்தான். முகத்தில் கறுப்பு நூலால் ஐந்து தையல், ஐந்தும் சரிவாக, ஒவ்வொன்றுக்கும் சின்னப் பிடி. வாள் ஐந்து. திருப்பினேன். சிவப்பு.

“ஸல்ஹா நகத்துக்குப் பூசுற கியூட்டெக்ஸ். ஒரு போத்தல் முழுக்க முடிஞ்சிட்டு. ஏசிறாள்.”

அழுதேன் என்று எழுதினால் என்ன, எழுதுகிறேன். அழுதேன்.

ஜவாஹிர் என்னைப் பார்க்காமல் முற்றத்தையே பார்த்துக்கொண்டு சொன்னான்: “மச்சான், இதுக்கும் நம்பர் போட்டிராத.”

தங்கமுத்து குசினியிலிருந்து சாக்கைக் கொண்டுவந்து விரித்தாள். மூன்று பேர். காசு வைப்பதில்லை என்று ஜவாஹிர் முதலே சொல்லிவிட்டான். கவிழ்த்து, பரப்பி, உள்ளங்கையால் கலந்தோம். அவன் பூசிய சிவப்பு மற்றவற்றைவிடக் கொஞ்சம் மினுங்குகிறது, பார்த்தால் தெரியும். ஒருவரும் பார்க்கவில்லை.

பகல் என்பதால் சூரிய ராசா இருந்த தங்கமுத்துதான் முதலில் இறக்கினாள். வாள் ஐந்து எனக்கு வந்தது. ஒன்றுக்கும் உதவாத சீட்டு. அதைக் கடைசி வரை இறக்காமல் கையிலேயே வைத்திருந்து தோற்றேன்.